கொக்கி காலியாக இருக்கக் கூடாது

அவரிடம் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று இரவல் கேட்டுப் பாருங்கள்.

"எதுக்கு?" என்பார். பைக்கில் கண்ணாடி லூசாக ஆடுகிறது என்பீர்கள். "வண்டியக் கொண்டாங்க, பாப்போம்" என்பார். "ஸ்பானரை மட்டும் குடுங்கண்ணே, ரெண்டே நிமிஷத்துல..." என்று நீங்கள் இழுப்பதற்குள் அவர் கண் சுவருக்குப் போய்விடும். அங்கே எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பத்து தொங்குகிறது. அதை ஒரு பார்வை, உங்களை ஒரு பார்வை. குலம் கோத்திரம் தெரியாமல் பெண் கேட்டு வந்தவனைத் தகப்பன் பார்க்கிற பார்வை அது.

வேடசந்தூரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. பெரும்பாலும் ஏதாவது ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டராக இருப்பார். ஒரு காலத்தில் மாடு கட்டிய கொட்டகைக்குத் தகரம் மாற்றி, டியூப் லைட் போட்டு, பட்டறை ஆக்கியிருப்பார். பட்டறை என்றதும் கட்டில், நாற்காலி செய்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உற்பத்தியாவது ஒரே பொருள்தான்: பட்டறைச் சாமான்களை மாட்டிவைக்கிற பலகை. அந்தப் பலகையைச் செய்ய என்னென்ன சாமான் வேண்டுமோ, அவையெல்லாம் அந்தப் பலகையில்தான் தொங்கும்.

மொபைல் கடைகளில் ஹெட்செட்டும் கவரும் மாட்டியிருப்பார்களே, வரிவரியாகப் பள்ளம் ஓடும் பலகை, அதேதான். ரெடிமேடாகவே கிடைக்கிறதே என்றால் கோபம் வந்துவிடும். "அவன் போடுற பள்ளத்துல ஒரு சுத்தம் இருக்காது தம்பி. நாமளே போட்டாத்தான் அது பலகை."

நாமளே போடுவது எப்படி என்று தெருவுக்கே மனப்பாடம். எட்டுக்கு நாலு எம்.டி.எஃப். ஷீட், கனம் 18 மி.மீ. மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு என்று பென்சிலால் இழுத்தால் நாலடி உயரத்தில் 15 கோடு. ரூட்டர் மிஷினில் முதலில் நேர் பிட்டை மாட்டி ஒரு ஓட்டம். பிறகு 'டி' பிட்டை மாட்டி அதே பள்ளத்தில் இன்னொரு ஓட்டம். இப்போது வாய் குறுகலாக, உள்ளே இரண்டு பக்கமும் அகலமாக ஒரு பள்ளம் கிடைக்கும். கொக்கியின் முதுகு அதற்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'டி' பிட்டைப் பாதியில் மேலே தூக்க முடியாது, தூக்கினால் பள்ளத்தின் விளிம்பு பிய்ந்துகொண்டு வரும். இந்த ஓரத்தில் நுழைந்தால் அந்த ஓரத்தில்தான் வெளியேற வேண்டும். நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்குக் குறையாமல் சுற்றக்கூடிய மிஷின் அது. 15 கோடு, கோட்டுக்கு எட்டடி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டம். ஆகமொத்தம் ஒரு பலகைக்கு 240 அடி அலறல். இந்தப் பெருக்கல் கணக்கை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்றுவிட்டுக் கண்ணை மூடியவர்கள் எல்லோரும் போட்டுப் பார்த்திருக்கிறோம்.

பலகை சுவரில் ஏறியதும் அடுத்த கட்டம். ஒவ்வொரு சாமானையும் மாட்டி, அதைச் சுற்றிக் கறுப்புப் பெயின்டால் கோடு வரைவார். குறடுக்குக் குறடு வடிவம், சுத்தியலுக்குச் சுத்தியல் வடிவம், மூக்குக் கண்ணாடிக்குக்கூட ஒரு வடிவம். இது மில்லிலிருந்து கொண்டுவந்த பாடம். ஜப்பான்காரர்கள் வகுத்த 'ஃபைவ் எஸ்' முறை, செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று போகும். வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் கொடு, துடை, அதை முறையாக்கு, விடாமல் கடைப்பிடி. ஐந்தில் அண்ணன் பிடித்துக்கொண்டது இரண்டாவதை மட்டும். முதலாவதைத் தொட்டிருந்தால், 1990-களோடு வேலை முடிந்துபோன அந்த ரேடியோ சால்டரிங் சாமான்களுக்கு ஒரு முழுப் பலகை போயிருக்காது.

நம் தலைவலி, காலியான கொக்கியில்தான் ஆரம்பிக்கிறது.

தப்பித்தவறி ஒரு குறடை அவர் இரவல் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்கு வருவார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்பார். காபி குடிப்பார். பையனுக்கு வேலை என்ன ஆச்சு என்று விசாரிப்பார். குடகனாற்றில் தண்ணீர் வருமா என்று கவலைப்படுவார். எழுந்து வாசல் வரை போய்ச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டுதான், "அந்தக் குறடு வேலை முடிஞ்சிருச்சா?" என்பார். முடியவில்லை என்றால் மறுநாள் காலை, நீங்கள் பல் தேய்க்கும்போது மதில் மேல் தலை தெரியும். அதற்கும் மசியவில்லை என்றால் செல்போனில் ஒரு படம் வரும். வெறும் கொக்கி, அதைச் சுற்றிக் குறடு வடிவில் கறுப்புக் கோடு. கீழே ஒரு எழுத்துகூட இருக்காது. காணவில்லை நோட்டீஸுக்குக்கூட அவ்வளவு சோகம் கிடையாது.

ஒருமுறை நிஜமாகவே ஒரு ஸ்பானர் தொலைந்துவிட்டது. வாங்கிப்போனவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொடுத்து மன்னிப்பும் கேட்டார். அண்ணன் அதைச் சுவரில் வைத்துப் பார்த்தார். கைப்பிடி கோட்டுக்கு உள்ளேயே நின்றது. "பழசு அரை விரக்கட நீளம்" என்றார். பிறகு தினத்தாளில் அந்தக் கோட்டை ஒற்றியெடுத்து, கத்தரியால் நறுக்கி, திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார். ஒவ்வொரு ஹார்டுவேர் கடையாகப் போய், காகிதத்தின் மேல் ஸ்பானர்களை வைத்து வைத்துப் பார்த்தாராம். கோட்டை அழித்துவிட்டு வேறு கோடு வரைந்தால் தீர்ந்தது என்று கடைக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைக்கு அவர் அப்புறம் போவதில்லை.

கோடு வரைவதைக் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்று பேர்போன சமையல்கார அம்மா இருந்தார். அவர் அடுப்பங்கரைச் சுவரில் ஓட்டைப் பலகை அடித்து, ஒவ்வொரு சட்டிக்கும் கோடு வரைந்து கொடுத்தவர் அவர் கணவர் பால் சைல்ட். அந்த அடுப்பங்கரையை 2001-ல் அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். ஆனால் அருங்காட்சியகம் ஆகும்வரை அந்தச் சட்டிகளில் குழம்பு கொதித்தது. நம் அண்ணன் முதல் நாளிலேயே அருங்காட்சியகம் திறந்துவிட்டார். மில்லில் அந்தக் கோட்டை எதற்கு வரைந்தார்கள்? எடுத்துப்போன ஸ்பானர் திரும்பி வந்ததா என்று ஒரே பார்வையில் தெரிவதற்கு. சாமான் வெளியே போகும் என்பதுதான் அந்தக் கோட்டின் அஸ்திவாரமே. போகவே கூடாது என்றால் கோடு எதற்கு, ஆணியடித்துவிடலாமே!

நம்ம ஊர் ஆசாரி இன்றைக்கும் ஒரு சாக்குப்பையோடு வருகிறார். உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, ரம்பம் எல்லாம் அதற்குள் உருண்டு கிடக்கும். பேசிக்கொண்டே கையை விடுவார், வேண்டிய உளி வேண்டிய அளவில் வெளியே வரும். மாலைக்குள் நிலைக்கதவு நின்றுவிடும். அண்ணனுக்கு அந்தச் சாக்கைப் பார்த்தாலே ரத்தக் கொதிப்பு.

பட்டறைக் கதவில் மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை இவ்வளவு மனப்பூர்வமாகப் பயன்படுத்துகிற வாடிக்கையாளர் தாலுகாவில் வேறு எவரும் இருக்க மாட்டார். கரண்டி மாட்ட அடுப்பங்கரைக்கு ஒரு சின்னப் பலகை வேண்டும் என்று அவர் வீட்டு அக்கா கேட்டு நெடுநாளாகிறது. "அளவெடுக்கணும்" என்கிறார்.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். சாமானைக் கேட்காமல் வேலையைக் கொண்டுபோனால் அவர் வேறு ஆள். மிக்ஸி, தையல் மிஷின், பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிள், எதுவானாலும் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்துவிடுவார். காசு நீட்டினால் கையைத் தட்டிவிடுவார். முடித்ததும் சாமானைத் துடைத்து, கோட்டுக்குள் மாட்டி, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்ப்பார். அப்போது அந்த முகத்தில் இருக்கும் திருப்தியைப் பார்த்தால் நமக்கே ஸ்பானர் கேட்க மனசு வராது.

ஆனால் அந்தத் தூசிக்கு மட்டும் சமாதானம் சொல்ல என்னால் முடியாது. எம்.டி.எஃப். என்பது மரநாரை யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அழுத்திச் செய்வது. பள்ளம் போடும்போது மாவாகப் பறக்கிறது. மரத்தூளையும் ஃபார்மால்டிஹைடையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பட்டியலிட்டிருக்கிறது. இவர் மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டுவதில்லை. ஆடிக் காற்றில் அது எங்கள் கொடித்துணி மேலும், மாடியில் காயும் வடகத்தின் மேலும் வந்து படிகிறது. பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டு, மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மில் ஊர்களில் உண்டு. அவர்களோடு ஷிப்டு பார்த்த மனுஷன் இது. மாஸ்க்குக்கும் பலகையில் ஒரு கொக்கி இருக்கிறது, கோடும் வரைந்திருக்கிறது. மாஸ்க் அதை விட்டு இறங்கியதே இல்லை.

அண்ணே, உங்கள் சுவரில் காலியாக இருக்க வேண்டிய கொக்கி அது ஒன்றுதான். மிஷினைப் போடுவதற்கு முன்னால் மாஸ்க்கை எடுத்து மூஞ்சியில் மாட்டுங்கள், கதவைச் சாத்துங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவைத் தூங்க விடுங்கள். ஸ்பானரை நாங்கள் கடையிலேயே வாங்கிக்கொள்கிறோம்.