அமெரிக்கக் கடிதம்: மாமத் குகையில் மாமனார்

பெற்றோர் அமெரிக்கா வந்தால் முதல் முறை நயாகரா. இரண்டாம் முறை நியூயார்க், வாஷிங்டன், போகிற வழியில் பிட்ஸ்பர்க் பெருமாள். மூன்றாம் முறை வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்தக் கட்டத்தில்தான் அமெரிக்கத் தமிழ்க் குடும்பம் கூடாரம் வாங்குகிறது.

ஓஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் இருக்கும் ஒரு குடும்பம் இந்தக் கோடையில் அந்தக் கட்டத்தை எட்டியது. மருமகனுக்கு மென்பொருள் வேலை, மகளுக்கு வங்கியில் வேலை, பிள்ளைகள் இரண்டு. தென்காசியிலிருந்து வந்திருந்த மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். கெண்டக்கியில் உள்ள மாமத் குகை தேசியப் பூங்காவில் இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு. விஷயத்தைக் கேட்டதும் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு ரூம் வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு, காசு கொடுத்துத் தரையில போய்ப் படுக்கணுமா?"

இதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கேம்பிங் என்றால் குறைவான சாமான்களோடு காட்டில் வாழ்வது என்பது வெள்ளைக்காரர் கொள்கை. நம்மவர் கொள்கையில் அடுப்படி முழுவதும் காட்டுக்குப் போகும். இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி ஒரு பெட்டி, புளியோதரை ஒரு பெட்டி, தயிர்சாதத்துக்குத் தனியாகத் தயிர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று குக்கர். கூடாரத்தை ஏற்ற இடமில்லாமல் பையனின் மடியில் வைத்தார்கள்.

கொலம்பஸிலிருந்து பூங்காவுக்கு ஏறக்குறைய 300 மைல். சின்சினாட்டி தாண்டி, லூயிவில் தாண்டித் தெற்கே இறங்க வேண்டும். லூயிவில் கிழக்கு நேரத்தில் இருக்கிறது, குகை மத்திய நேரத்தில் இருக்கிறது. நடுவழியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டு முடித்த மாமனாரிடம், இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை என்று பேத்தி சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைத் தொடவில்லை. எந்த மாநிலம் என்ன சொன்னாலும் அவர் மாத்திரை போடும் நேரம் மாறாது.

விறகு விஷயத்தில் பூங்காக்காரர்கள் கறார். வெளியிலிருந்து கொண்டுவந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியதாகச் சான்று ஒட்டிய விறகாக இருக்க வேண்டும். காரணம் ஒரு பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த அதன் புழுக்கள், பட்டைக்கு அடியில் துளைத்துத் துளைத்து இந்த நாட்டின் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கின்றன. வண்டு தானாக ஊர் விட்டு ஊர் போவது கொஞ்ச தூரம்தான். விறகோடு காரில் ஏறினால் மாநிலம் விட்டு மாநிலம் போய்விடும். மாமியாருக்கு இது உடனே புரிந்தது. சென்னை விமான நிலையத்தில் கிளம்பி அமெரிக்கச் சுங்கத்தில் பறிபோன மாவடுவின் நினைவு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது விதி. ரக்கூன்களுக்கு அந்த விதி பொருந்தாது. முகமூடி போட்ட பூனை மாதிரி இருக்கும் அந்தப் பிராணி கையால் மூடி திறக்கும், தாழ்ப்பாள் நீக்கும். காலையில் புளியோதரைப் பெட்டி காலி. மிளகாய்ப்பொடி இட்லியை மட்டும் ஒரு கடி கடித்துவிட்டு வைத்திருந்தது.

குகைக்கு வருவோம். உலகத்தில் இதுவரை அளக்கப்பட்ட குகைகளில் இதுதான் மிக நீளம், 420 மைலுக்கு மேல். தென்காசியிலிருந்து சென்னைக்குப் போன பிறகும் மிச்சம் இருக்கும். அதைவிட முக்கியம், அளவை இன்னும் முடியவில்லை. ஆண்டுதோறும் நீளம் கூடிக்கொண்டே வருகிறது. இதைக் கேட்டதும் அதுவரை சுரத்தில்லாமல் இருந்த மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு ஓய்வு கிடைத்ததே தவிர, அளவை விட்டுப்போகவில்லை.

வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் 12 டிகிரி செல்சியஸ்தான். ஜூலை மாதத்தில் மங்கி குல்லாவும் சால்வையுமாக மாமியார் இறங்கியதைப் பார்த்து நமுட்டாகச் சிரித்த அரைக்கால்சட்டை ஆசாமிகள், கால் மணி நேரத்தில் சால்வையை ஏக்கத்தோடு பார்த்தார்கள். அவருக்கு வேறு குறை. குகை என்றால் சுண்ணாம்புக்கல் சொட்டிச் சொட்டி லிங்கம் போல நிற்கும் என்று எதிர்பார்த்து வந்தார். இந்தக் குகையின் பெரும்பகுதிக்கு மேலே மணற்பாறை கூரையாகக் கிடக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்காது. சொட்டாத இடத்தில் லிங்கம் ஏது? மழையில் கரையாமல் இவ்வளவு நீளம் நிலைத்து நிற்பதே அந்தக் கூரையால்தான் என்று வழிகாட்டி சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள். மாமியார் சமாதானம் ஆகவில்லை.

மாமனாரைப் பிடித்துக்கொண்டது ஸ்டீபன் பிஷப்பின் கதை. 1838ல் இங்கே வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்டபோது அவர் ஒரு பதின்வயது அடிமை. அடியில்லாப் பள்ளம் என்று எல்லாரும் திரும்பிப் போன இடத்தில் ஏணியைக் குறுக்கே போட்டுக் கடந்தவர் அவர். (பள்ளத்துக்கு அடி உண்டு, 105 அடி ஆழம்.) அப்பால் இருந்த ஆறுகளையும் கண்ணில்லாத மீன்களையும் வெளியுலகத்துக்குச் சொன்னார். 1842ல் உட்கார்ந்து நினைவிலிருந்தே அதுவரை தெரிந்த குகை முழுவதற்கும் வரைபடம் போட்டார். அச்சானபோது அவர் பெயரும் அதில் இருந்தது; அந்தக் காலத்து அடிமை ஒருவருக்கு அது எளிதில் கிடைக்காத மரியாதை. பல பத்தாண்டுகள் அந்தப் படத்தை வைத்துத்தான் மற்றவர்கள் நடந்தார்கள். 1856ல் விடுதலை, அடுத்த ஆண்டே மரணம்.

"செயினும் இல்லாம, காம்பஸும் இல்லாமலா?" என்று மாமனார் மூன்று முறை கேட்டார். துணைக்கு ஆள், சங்கிலி, கல் எல்லாம் கொடுத்தும் நான்கு வயலுக்குப் புலப்படம் போடத் திணறியவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

பிஷப்பின் எஜமானரான டாக்டர் ஜான் கிராகன், குகைக் காற்று காசநோயைத் தீர்க்கும் என்று நம்பி 1842ல் உள்ளே குடிசைகள் கட்டி நோயாளிகளைக் குடியேற்றினார். அடுப்புப் புகை வெளியேற வழியில்லாத இடத்தில் இருமல் தீருமா? சிலர் செத்தார்கள், மற்றவர்கள் வெளியேறினார்கள். 1849ல் டாக்டரும் அதே நோயில் போனார். கல் குடிசைகள் இன்றும் நிற்கின்றன.

மருமகனுக்கு இந்தக் குகை வேறு வழியில் பழக்கம். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டுக்கு நிரல் எழுதியவர்களில் ஒருவர் வில் கிரவுதர். அவர் குகை ஆராய்ச்சிக்காரரும்கூட. 1972ல் பக்கத்து மலையின் குகையும் மாமத்தும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்த குழுவில் அவர் மனைவி பாட்ரீசியா இருந்தார். மணவாழ்க்கை முறிந்தபின், மகள்கள் விளையாடட்டும் என்று இந்தக் குகையின் ஒரு பகுதியை வைத்து கிரவுதர் எழுதியதுதான் 'அட்வெஞ்சர்' கணினி விளையாட்டு. படம் கிடையாது. 'மேற்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்தால் திரையில் குகை எழுத்தாக விரியும். இதையெல்லாம் மருமகன் உணர்ச்சியோடு விளக்கியபோது, படமே இல்லாத விளையாட்டா என்று பையன் பரிதாபமாகப் பார்த்தான்.

ஆனால் மாமனார் கேட்டதுதான் கேள்வி. "மேல நிலம் ஒருத்தன் பேர்ல, கீழ வாசல் இன்னொருத்தன் பேர்ல இருந்தா பட்டா யாருக்கு?"

அதே கேள்வி நீதிமன்றம் போயிருக்கிறது. பக்கத்திலிருந்த கிரேட் ஓனிக்ஸ் குகையின் வாசல் எட்வர்ட்ஸ் என்பவர் நிலத்தில் இருந்தது. அவர் டிக்கெட் போட்டு, ஓட்டல் வைத்து நன்றாகச் சம்பாதித்தார். குகை என் நிலத்துக்கு அடியிலும் ஓடுகிறது என்று பக்கத்து நிலத்துக்காரர் லீ வழக்குப் போட்டார். அவருக்கு வாசல் கிடையாது, ஒருநாளும் உள்ளே இறங்க வழியும் கிடையாது. இருந்தாலும் 1929ல் கெண்டக்கி உயர்மட்ட நீதிமன்றம், சர்வேயர்கள் இறங்கி அளக்கத் தடையில்லை என்றது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லீயின் நிலத்துக்குக் கீழே என்று தெரியவந்தது. 1936ல் லாபத்திலும் அந்த விகிதப்படி பங்கு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. அப்போது லீ உயிரோடு இல்லை. நிலத் தகராறு எந்த நாட்டிலும் ஆளைவிட நீண்ட ஆயுள் உள்ளது என்பதில் மாமனாருக்கு ஒரு தனித் திருப்தி.

வெளியே வரும்போது சோப்புக் கரைசலில் நனைத்த பாயின்மேல் நடந்து வர வேண்டும். வௌவால்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை செருப்போடு வேறு குகைக்குப் போய்விடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

மறுநாள் பையனின் பிடிவாதத்தால் தெற்கே பவுலிங் கிரீனில் உள்ள கார்வெட் கார் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். 2014 பிப்ரவரி 12 அதிகாலையில், ஆள் யாரும் இல்லாத நேரம், அங்கே தரை திடீரென உள்வாங்கி எட்டுக் கார்களை விழுங்கியது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகையைக் குடைந்த அதே தண்ணீரின் வேலை. மூன்று கார்களைச் சரிசெய்துவிட்டார்கள். ஐந்தை நசுங்கியபடியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளத்தைப் பார்க்கக் கூட்டம் குவிந்ததால் அதை அப்படியே விட்டுவைக்கலாமா என்றுகூட யோசித்து, செலவு தாளாது என்று மூடினார்கள்.

நசுங்கிய கார் ஒன்றைச் சுற்றிவந்த மாமனார், சன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, நம்ம வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க? அதுக்கு அடியில அளந்துட்டாங்களான்னு இங்க யார்கிட்ட கேக்கணும்?"