மாதிரி வீட்டுக் கட்டில்

சென்னைப் புறநகர் வீட்டு விளம்பரங்களில் கடிகாரம் தனி வேகத்தில் ஓடும். ஊரப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு ‘20 நிமிடம்’ என்பார்கள். விடியற்காலை எத்தனை மணிக்கு என்பது மட்டும் இருக்காது.

அதைவிடச் சுவையானது சதுர அடி. 1,200 சதுர அடிக்கு விலை பேசிய ஃபிளாட்டில் வெளிச்சுவர், மாடிப்படி, லிஃப்ட், நடைபாதைப் பங்கு எல்லாம் கழிந்தபின் 850 தேறினால் புண்ணியம். பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டுக்குக் காத்து நிற்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் வாங்கியவர் இ.எம்.ஐ. கட்டுவார். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், கார்ப்பெட் ஏரியாவைக் கட்டாயம் சொல்லச் சொல்கிறது. அதில் வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. உள்தடுப்புச் சுவர் சேரும். சட்டத்துக்கும் சுவர்மேல் கொஞ்சம் பாசம்தான்.

மாதிரி வீட்டில் படுக்கையறை தாராளமாகத் தெரியும். டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தால், சில இடங்களில், நீளம் ஆறடிகூட வராது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தடி அகலக் கட்டிலும் இரண்டடி ஆழ பீரோவும் போட்டால் மிச்சம் மூன்றடி. அதற்குள்தான் பீரோ கதவும் திறக்க வேண்டும், ஆளும் நிற்க வேண்டும்.

டேப்பைக் கண்டதுமே விற்பனைப் பிரதிநிதிக்கு மொட்டைமாடி நீச்சல்குளம் ஞாபகம் வந்துவிடும். “வியூ பாருங்க சார்!”