பன்னிரண்டு அடி தூரத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: 32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் உரிமையாளர், இரண்டாம் மாடி, சென்னைப் புறநகர்.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், புளூ-ரே டிஸ்க் அசோசியேஷன்.

பொருள்: டிவிடியிலிருந்து உயர்தெளிவு வட்டுக்கு மாறுதல் – அதன்பொருட்டு ஹால் சுவரை இடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) தங்கள் வட்டின் உறையில் உள்ள 1080 என்ற எண். 2) கண் மருத்துவர் தந்த சீட்டு: 6/6, கண்ணாடியோடு.

ஐயா,

ஊரே கைப்பேசியில் படம் பார்க்கும் காலத்தில் ஒருவன் வட்டைப் பற்றி மனுப்போடுகிறானே என்று தாங்கள் திகைக்கலாம். எங்கள் வீட்டுக்கு எந்தக் கருவியும் அது ஓய்வுபெறும் வயதில்தான் வந்துசேரும். அமெரிக்காவில் வட்டுகளைத் தபாலில் அனுப்பிப் பிழைப்பைத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பரில் அந்தத் தபால் கணக்கை மூடிவிட்டது. கடைகளில் அலமாரி காலியாகிறது, விலை இறங்குகிறது. விலை இறங்கினால்தானே எங்களைப் போன்றோருக்கு ஆசை ஏறும்? ஆகவே, இருக்கிற டிவிடிகளை ஓரங்கட்டிவிட்டுத் தங்கள் புளூ-ரேக்கு மாறலாமா என்ற கேள்வி எங்கள் ஹாலில் இப்போதுதான் எழுந்திருக்கிறது.

விசாரிக்கப் போன கடையின் பெயர் வேண்டாம். விற்பனைப் பையன் நல்ல பையன். “டிவிடியெல்லாம் இப்ப யாரு சார் பாக்குறா? இதை ஒரு தடவை பாத்தீங்கன்னா வீட்ல இருக்கிற பழைய டிஸ்க்கையெல்லாம் நீங்களே தூக்கிப் போட்டுடுவீங்க” என்றான். “தம்பி, நம்ம வீட்டு டி.வி. முப்பத்திரண்டு இஞ்சுப்பா” என்றேன். “அதுக்கென்ன சார், அதுலயும் சூப்பரா இருக்கும்” என்று சொல்லி, 65 அங்குலத் திரை ஒன்றின் முன்னே, இரண்டடி தூரத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினான். திரையில் ஒரு கிளி. இறகின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. பக்கத்துத் திரையில் அதே கிளி டிவிடியில் ஓடியது. அது மழையில் நனைந்து வந்த கிளிபோல் இருந்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன். நனைந்த கிளிக்கு அந்தக் காலத்து மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர். நனையாத கிளிக்கு எச்டிஎம்ஐ வயர். பந்தயத்துக்கு முன்பே ஒரு குதிரையின் காலைக் கட்டிவைக்கும் இந்த ஏற்பாடு தங்கள் சங்க விதிகளில் இருக்காது என்றே நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தேன். பெட்டி மாட்டிய சுவருக்கும் எதிர்ச்சுவரை ஒட்டிய சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்கும் இடையே பன்னிரண்டு அடி. இனி வருவது கணக்கு. தங்கள் உறையில் இதற்கு இடமில்லாமல் போனதால் நானே போட வேண்டியதாயிற்று.

கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. 6/6 என்று மருத்துவர் எழுதித் தரும் கண், ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் வரும் ஒரு கூறு வரைக்கும்தான் நுணுக்கத்தைப் பிரித்துக் காணும். அதற்கும் நெருக்கமாக இரண்டு புள்ளிகள் இருந்தால் அவை ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். 32 அங்குலத் திரையின் அகலம் சுமார் 71 சென்டிமீட்டர். அதில் தாங்கள் 1920 புள்ளிகளை வரிசையாக நிறுத்துகிறீர்கள். ஒரு புள்ளிக்கு 0.37 மில்லிமீட்டர். அதைத் தனியாகப் பார்க்க நான் நாலடி தூரத்துக்கு வர வேண்டும். டிவிடி அதே அகலத்தில் 720 புள்ளிகளைத்தான் நிறுத்துகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவு. பதினோரடிக்கு அப்பால் போனால் அந்தப் பெரிய புள்ளிகளும் கரைந்துவிடும். நான் உட்கார்ந்திருப்பது பன்னிரண்டில்.

நம் ஊர்த் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 4,14,720 புள்ளிகள். தங்கள் வட்டில் குறுக்கே 1920, நெடுக்கே 1080, ஆக 20,73,600. பெருக்கிப் பாருங்கள், ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் ஐந்து மடங்கு. இந்தக் கச்சிதத்தைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டேன். ஆனால் ஐயா, உடைக்காத புள்ளியே என் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நான் இருக்கும்போது, அதை ஐந்தாக உடைத்துக் கொடுத்தால் நான் என்ன செய்வது?

பொதுமக்கள் நலன் கருதி இதை ஒரு சூத்திரமாகவும் சுருக்கி வைத்திருக்கிறேன். பெட்டியின் அங்குலத்தை எட்டால் வகுத்தால், தங்கள் வட்டை முழுதாக அனுபவிக்கும் தூரம் ஏறக்குறைய அடிக்கணக்கில் வரும். மூன்றால் வகுத்தால் டிவிடியே போதும் என்கிற தூரம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்பவருக்கு உட்காரும் இடத்துக்குத் தக்கபடி பலன், ராசிபலன் மாதிரி.

இப்போது என் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, இருந்த இடத்தில் இருந்துகொண்டு 90 அங்குலத்துக்கும் மேற்பட்ட பெட்டி வாங்குவது. அதன் அகலம் இரண்டு மீட்டர். எங்கள் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பீரோவே பாதி நாள் மாட்டிக்கொண்டு நின்ற வரலாறு உண்டு. மற்றொன்று, சோபாவை நாலடிக்கு இழுப்பது. இழுத்தால் அது ஹாலின் நட்டநடுவில், சமையலறைக்குப் போகும் வழியை மறித்து நிற்கும். 32 அங்குலத்துக்கு நாலடியில் இரண்டு பேர்தான் நேராக உட்காரலாம், வீட்டில் ஐந்து பேர். போதாக்குறைக்கு, “டி.வி. பக்கத்துல போய் உக்காராதே, கண்ணு கெட்டுடும்” என்று எங்களை அடித்துத் துரத்தி வளர்த்த ஒரு தலைமுறைத் தாய்மார் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். தங்கள் சங்கம் ஒரு பெரிய கம்பெனியின் எதிர்ப்பையே வென்றது, ஒப்புக்கொள்கிறேன். 2002 பிப்ரவரி 19 அன்று ஒன்பது கம்பெனிகள் கூடி இந்த வட்டை அறிவித்தீர்கள். ஆறே ஆண்டு கழித்து, 2008-இல், அதே பிப்ரவரி 19 அன்று தன் போட்டி வட்டான எச்டி டிவிடியைக் கைவிடுவதாகத் தோஷிபா அறிவித்தது. ஆனால் என் தாயார் தோஷிபா அல்ல. ஆகவேதான் மூன்றாவது வழியாக, சோபாவைச் சுற்றி நடக்க இடம் கிடைக்குமாறு சுவரை இடித்துத் தரும்படி பொருளில் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதத்தைத் தாங்களே வாங்கிவிடவும்.

இன்னொரு தகவலையும் மறைக்கக் கூடாது. என் பெட்டி ‘எச்.டி. ரெடி’ வகையைச் சேர்ந்தது. வாங்கிக்கொள்ள ரெடி, முழுதாகக் காட்ட ரெடியில்லை என்பது அதன் பொருள் என்று பிறகுதான் புரிந்தது. குறுக்கே 1366, நெடுக்கே 768. தாங்கள் இருபது லட்சத்துச் சொச்சம் புள்ளிகளைப் பாடுபட்டு அனுப்பினால், அது பத்து லட்சத்துச் சொச்சமாகச் சுருக்கித்தான் திரையில் ஏற்றும். போகட்டும், பாதியாவது வந்ததே என்றால், அந்தப் பாதியும் ஆறடிக்கு இப்பால் உட்கார்பவருக்குத்தான்.

நாங்கள் முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. விசிடியிலிருந்து டிவிடிக்கு மாறியபோது வீடே கைதட்டியது. விசிடியில் குறுக்கே 352 புள்ளிகள்தான். 32 அங்குலத்தில் அதன் பிசிறு மறைய வேண்டுமானால் இருபத்திரண்டு அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும், அதாவது பக்கத்து வீட்டு ஹாலுக்கு. அதனால் அந்த மாற்றம் பாட்டி முதல் பேரன் வரை எல்லாருக்கும் தெரிந்தது. இடைவேளையில் எழுந்துபோய் இரண்டாவது வட்டைப் போடும் வேலையும் ஒழிந்தது. அடுத்த தாவல் மட்டும் ஏன் தெரியவில்லை என்று எங்கள் ரசனையைச் சந்தேகிக்காதீர்கள். முதல் தாவல் கண்ணின் எல்லைக்கு இந்தப் பக்கம் நடந்தது. இது அந்தப் பக்கம் நடக்கிறது.

தாங்கள் முதல் படங்களை 2006 ஜூனில் அமெரிக்காவில் வெளியிட்டீர்கள். அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, தமிழ்நாட்டில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. கொடுக்கப்பட்டது 14 அங்குலப் பெட்டி. என் கணக்கைப் போட்டுப் பார்த்தால், அதை ஒன்பதடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தவருக்கு விசிடியின் புள்ளிகூடத் தெரிந்திருக்காது. தெளிவுத்திறன் பிரச்சினையை ஓர் அரசாங்கம் பெட்டியைச் சின்னதாக்கியே தீர்த்துவிட்டது. நீங்கள் நீல லேசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அந்த லேசரை நான் குறைத்துப் பேசவில்லை. டிவிடியைப் படிக்கும் சிவப்பு ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர், தங்களுடையது 405. ஒளி நுணுகியதால் பதிவும் நுணுகியது, 8.5 ஜிகாபைட் கொண்ட இடத்தில் 50 கொள்கிறது. பாராட்ட வேண்டிய வேலை. என் வருத்தம் வேறு. இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு, சின்னப் பெட்டிக்காரனுக்கும் உண்மையிலேயே பயன்படுகிற சில காரியங்களைச் செய்துவிட்டு, அவற்றை உறையில் போடாமல் 1080 என்ற ஒரே எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டீர்களே, அதுதான்.

நம் படங்களில் மழைப் பாட்டு இல்லாமல் போகுமா? ஆயிரம் துளியும் ஆயிரம் திசையில் அசையும்போது டிவிடி திணறும். கதாநாயகியின் முகத்தைச் சுற்றிச் சதுரம் சதுரமாக உடையும். ஒரே டிவிடியில் மூன்று படங்களை அடைத்து விற்ற காலம் நமக்குத் தெரியும். 4.7 ஜிகாபைட்டில் ஏழரை மணி நேரம் என்றால் நொடிக்கு ஒன்றரை மெகாபிட்கூட வராது. விசிடி படத்துக்கு ஒதுக்கியதே 1.15. உறையில் டிவிடி என்று போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது கோட்டு மாட்டிய விசிடி. அந்தச் சதுரங்கள் புள்ளிகளைவிடப் பல மடங்கு பெரியவை, பன்னிரண்டு அடியிலும் கண்ணைக் குத்தும். தங்கள் வட்டில் நொடிக்கு 40 மெகாபிட் வரை படத்துக்கு மட்டும் இடம் இருப்பதால் மழை மழையாகவே பெய்கிறது. இதை ஏன் சொல்லவில்லை?

பாட்டு விஷயம் இதைவிடப் பெரிது. சினிமா நொடிக்கு 24 சட்டம். பால் முறை டிவிடி அதை 25 ஆக ஓட்டுகிறது. இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். திருத்தாமல் விட்டால் சுருதியும் அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். இளையராஜா ஒரு சுருதியில் போட்டுக் கொடுத்ததை இந்த நாடு பல வருஷம் வேறு சுருதியில், அதுவும் அவசர அவசரமாகக் கேட்டிருக்கிறது. தங்கள் வட்டு 24-ஐ 24 ஆகவே வைத்திருக்கிறது. ‘பாட்டு அதன் சொந்தச் சுருதியில்’ என்று ஒரு வரி போட்டிருந்தால், சங்கீத சபாக்காரர்களில் பாதிப் பேர் பெட்டியின் அங்குலத்தைக் கேட்காமலே வாங்கியிருப்பார்கள்.

கீறலைத் தாங்க மேலே கெட்டியான பூச்சு உண்டு என்பதையும் யாரும் சொல்லவில்லை. வாடகை வட்டு எடுத்து, கிளைமாக்ஸில் படம் உறைந்து, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்த ஜாதி நாங்கள். எங்களிடம் போய்ப் புள்ளிக்கணக்கைச் சொல்லலாமா?

இழப்பில்லாத ஒலி என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறீர்கள். என் பெட்டியின் இரண்டு ஸ்பீக்கர்களும் தரையைப் பார்த்துப் பேசுபவை. மேலே மின்விசிறி, உள்ளே குக்கர். இழப்பு எங்கே நடக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

என் அக்கா மகன் ஒருவன் விடுதி அறையில் 24 அங்குல கம்ப்யூட்டர் மானிட்டரில் படம் பார்க்கிறான். மேசையில் சாய்ந்து, இரண்டடி தூரத்தில். எட்டால் வகுத்தால் மூன்றடி. அவன் அதற்கும் உள்ளே இருக்கிறான். டிவிடி அவனுக்கு உண்மையிலேயே மங்கல்; தங்கள் வட்டின் ஒவ்வொரு புள்ளியும் அவனுக்குச் சேர்கிறது. என்னுடையதைவிடச் சின்னத் திரை அவனுடையது. “பெரிய டி.வி. இருந்தாத்தான் எச்.டி. எடுபடும்” என்று சொல்லும் பெரிய மனிதர்களிடமும், “எந்த டி.வி.யிலும் சூப்பரா இருக்கும்” என்று சொல்லும் கடைப் பையனிடமும் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்த ஆசை. இருவருமே நாற்காலி எங்கே கிடக்கிறது என்று கேட்பதில்லை.

எனவே, என் கோரிக்கை எளியது. உறையில் 1080 என்று எந்த அளவு எழுத்தில் போடுகிறீர்களோ, அதே அளவில் பக்கத்திலேயே எத்தனை அங்குலத்துக்கு எத்தனை அடி என்றும் போடுங்கள். எங்கள் படங்களில் கதாநாயகன் பீடி பற்றவைக்கும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் ஓர் எச்சரிக்கை வரும், பழகிவிட்டோம். அதேபோல் ‘தூரமாக உட்கார்வது தெளிவுத்திறனுக்குத் தீங்கு விளைவிக்கும்’ என்று ஒரு வரி ஓடட்டும். அடுத்து வந்த தங்கள் 4கே வட்டுக்கு எட்டுக்குப் பதில் பதினாறால் வகுக்க வேண்டும். 32 அங்குலத்துக்கு இரண்டடி. அந்த உறையில் எச்சரிக்கையோடு ஒரு முக்காலியும் இணைத்து அனுப்பலாம்.

இதற்கிடையில் நான் செய்திருப்பது: மஞ்சள் வயரைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ வயர் போட்டேன், கடையின் வெளிச்சத்துக்கென்று பளபளக்க வைத்திருந்த பட அமைப்பை மாற்றி ‘சினிமா’ என்பதில் வைத்தேன். வீட்டில் இருப்பவர்கள் புது டி.வி. வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் பிளேயரையும் வாங்கத்தான் போகிறேன், பழைய டிவிடிகளையும் அது ஓட்டும் என்பதால். வட்டு மட்டும் மழைப் பாட்டு உள்ள படங்களுக்கு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
32 அங்குலத்தான்.

இணைப்பு: அளவு நாடா ஒன்று.

பி.கு.: டிவிடிக்காரர்கள் உலகத்தை ஆறு மண்டலமாக வெட்டினார்கள், தாங்கள் மூன்றாகக் குறைத்திருக்கிறீர்கள். முன்னேற்றம்தான். பூட்டுப் போடாத வட்டுகளும் நிறைய வருகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் சிங்கப்பூர் ஏ, லண்டன் பி, சென்னை சி. ஒரே குடும்பத்துச் சித்தப்பா, அத்தை, மாமா மூன்று ஊரிலும் இருப்பது எங்களில் சகஜம். சித்தப்பா சிங்கப்பூரில் வாங்கிய பூட்டுப்போட்ட வட்டை இங்கே அனுப்பினால், அதற்கு எந்தத் தூதரகத்தில் விசா எடுக்க வேண்டும் என்பதையும் தெரிவிக்கவும்.