பல்லுக்கும் ஐந்து, மிட்டாய்க்கும் ஐந்து

மாண்புமிகு சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தாருக்கு,

திருவையாற்றில் மளிகைக் கடை வைத்திருப்பவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

2017 ஜூலையில் உங்கள் வரி வந்தது. சீனிக்கு 5 சதவீதம், பற்பசைக்கும் பிரஷுக்கும் 18, பல்பொடிக்கு 12. எட்டு வருடம் அப்படியே பில் போட்டேன். பல்லைக் கெடுப்பது அத்தியாவசியம், விளக்குவது ஆடம்பரம். அதே பல் சொத்தையாகி, டாக்டரிடம் போய் வேர் சிகிச்சை செய்துகொண்டால் மருத்துவச் சேவை என்று வரிவிலக்கு! 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. உங்கள் பட்டியலில் அது ஷாம்புவோடும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயோடும் 18இல்தான் உட்கார்ந்திருந்தது.

2025 செப்டம்பர் 22இல் மனம் இரங்கினீர்கள். பற்பசை 5. பிரஷ் 5. கையோடு 12இல் இருந்த மிட்டாயும் 5, 18இல் இருந்த சாக்லேட்டும் 5. பசுவுக்கும் இளவரசனுக்கும் ஒரே நீதி சொன்ன திருவாரூர் மனுநீதிச் சோழன்கூட இவ்வளவு தூரம் போகவில்லை.

எங்கள் ஊர் அசோகா அல்வாவைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். அதில் விழும் சீனியில் பாதி என் கடைச் சரக்கு. விருந்தில் சாப்பாட்டோடு ஒருமுறை தின்று வாய் கொப்பளித்தால் பல் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். வில்லங்கம் என் கல்லா பக்கத்து ஜாடியில் இருக்கிறது. பள்ளிக்குப் போகும்போது ஒரு மிட்டாய், இடைவேளைக்கு ஒன்று, டியூஷனுக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் பல்லில் படிந்த கிருமி சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. பிஹெச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிடும். பல்லில் அப்பிக்கொள்ளும் பிஸ்கட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதுதான் கணக்கு. உங்கள் பில்லில் அதற்குக் கட்டம் இல்லை.

கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பவும் பல்லில் ஏற்ற உதவுவது ஃபுளோரைடு. அது உள்ள டியூபுக்கும் இல்லாத டியூபுக்கும் வரி ஒன்றுதான். வாங்குகிறவர்களும் அட்டையில் கிராம்புப் படம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

மூன்று வயது வரை அரிசியளவு பசை போதும் என்கிறார்கள் பல் மருத்துவர்கள். டெல்டாக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. (பொன்னியா, குண்டரிசியா என்று மட்டும் கேட்பான்.) விளம்பரத்திலோ பிரஷ் முழுக்கப் பிதுக்குகிறார்கள், கம்பெனிக்கும் லாபம், உங்களுக்கும் வரி. ராத்திரி படுக்கும் முன் பல் தேய்ப்பதுதான் முக்கியம் என்றால், "விழுந்து முளைக்கிற பல்தானே" என்கிறார்கள் பெற்றோர். பால்பல்லில் சீழ் பிடித்தால் அடியில் வளரும் பல்லும் கெடலாம் என்பதைச் சொல்ல மளிகைக் கடைக்காரனுக்கு என்ன தகுதி?

ஒரே ஒரு விண்ணப்பம். 25 கிலோவுக்கு மேற்பட்ட அரிசி மூட்டைக்கு வரி கிடையாது என்றீர்கள். மில்காரர்கள் உடனே 26 கிலோ மூட்டை போட்டார்கள். அந்தச் சலுகை பற்பசைக்கும் உண்டா? உண்டென்றால் சொல்லுங்கள், 26 கிலோ டியூபுக்கு இப்போதே ஆர்டர் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரியை வசூலித்துக் கட்டும்
ஒரு மளிகைக் கடைக்காரன்