தோட்டத்துக் கணினி வைத்தியர்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் எதுவானாலும் ஒரு மில், ஒரு கோயில் இருக்கும்; ஒரு கிராணி இருப்பார். கூடவே, கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணன் ஒருவரும் இருப்பார். 1929இல் ரஸ்ஸல் இங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இல்லாத பதவி. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. அண்ணனுக்குச் சீசன் பிறந்தது.

"பதினொன்னுக்கு மாத்தினேன் அண்ணே, கீபோர்டு செத்துப்போச்சு" என்று தமிழ்ப்பள்ளி டீச்சர் லேப்டாப்பை நீட்டுவார். அண்ணன் அதை அணைத்து, கவிழ்த்து, முதுகில் தட்டுவார். நாலு முறுக்குத் துணுக்கு உதிரும். "பார்த்தீங்களா டீச்சர்?" என்பார், நோயையே பிடித்துவிட்ட தோரணையில். பிறகு தீர்ப்பு: "உள்ள குளிர் இறங்கிடுச்சு."

கேமரன் மலையின் தானா ராத்தா இருப்பது சுமார் 1,400 மீட்டர் உயரத்தில். ஆகவே வைஃபை போனாலும் குளிர், பேட்டரி வீங்கினாலும் குளிர். சூடு காட்ட டீச்சரின் முடி உலர்த்தி வரும், தேத்தண்ணியும் வரும்.

முழுதாக அணைத்துத் திரும்பப் போட்டதிலேயே பழுது போயிருக்கும். ஆனால் அண்ணன் துணியால் விசைகளைத் துடைப்பார். அந்தத் துடைப்பில் வலப்பக்க ஷிஃப்ட் எட்டு விநாடி அழுந்தினால் 'ஃபில்டர் கீஸ்' வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். கை நடுங்குகிறவர்களுக்கான வசதி அது; சட்டென்று தட்டும் தட்டலை எல்லாம் கண்டுகொள்ளாது. திரையில் வருவதைப் படிப்பது அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். 'ஆம்' என்று சொடுக்கிவிடுவார். இப்போது கீபோர்டு நிஜமாகவே வாய்மூடும்.

கடைசியில் இரண்டாம் படிவம் படிக்கும் டீச்சர் மகன் அமைப்புகளுக்குள் போய் ஃபில்டர் கீஸை அணைப்பான். எழுத்து ஓடும். "நான் சூடு காட்டினதுலதான் இளகிச்சு" என்பார் அண்ணன். டீச்சரும் தலையாட்டுவார்.

விண்டோஸ் 11க்கு மாற்றியதும் உங்கள் கீபோர்டும் செத்துப்போனால், முதலில் பயாஸ் திரைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அம்புவிசை வேலை செய்தால் கீபோர்டுக்கு உயிர் இருக்கிறது, கோளாறு மென்பொருளில்தான். டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை மௌஸால் நீக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால், மாற்றிய பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்.

இதை அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு வருகிறவர் லயத்தில் அவர் ஒருவர்தான். ஒரு வெள்ளிகூட வாங்கமாட்டார்.