வத்தக்குழம்பா, வர்த்தக மையமா?

எனக்கிருப்பது நெஞ்செரிச்சல். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான வியாதியல்ல. 2001 செப்டம்பர் 11-இல் உலக வர்த்தக மையம் இடிந்த பிறகு கீழ் மன்ஹாட்டன் தூசியில் நின்றவர்களில் எத்தனையோ பேருக்கு நுரையீரல் கெட்டது, புற்றுநோய் வந்தது. இடிபாட்டில் இறங்கி வேலைசெய்த தீயணைப்பு வீரர்கள் பிற்பாடு நோயில் மாண்டார்கள். அந்த வரிசையில் நான் ஏப்பம் விட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஆனாலும் சட்டம் என்னைத் துரத்தவில்லை. நொறுங்கிய கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி இழை, கல்நார் எல்லாம் கலந்த தூசி அது. மூச்சில் இழுத்தது போக மிச்சத்தை விழுங்கியிருக்கிறோம். 2011 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட, தூசியால் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு தரும் ஜட்ரோகா சட்டத்தின் நோய்ப் பட்டியலில் அமிலம் மேலேறும் தொல்லைக்கும் இடமுண்டு. அந்தத் தூசி கடும் காரத்தன்மை கொண்டதாம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் என்றுதான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். என் வயிறு அன்றைக்கு லீவு போலிருக்கிறது.

காற்று பாதுகாப்பானது என்று சுற்றுச்சூழல் முகமையின் தலைவி கிறிஸ்டீன் டாட் விட்மன் செப்டம்பர் 18 அன்றே அறிவித்துவிட்டார். தலைவர்கள் சொன்னால் நம்புகிற வம்சம் நான். வீட்டுக்குத் திரும்ப விட்டதும் மனைவி ஈரத்துணியால் ஜன்னலைத் துடைத்தாள். எந்த மூலை விட்டுப்போயிற்று என்று நான் காட்டிக்கொடுத்தேன்.

இழப்பீட்டு மனுவுக்காகப் பார்த்த டாக்டர், "என்ன சாப்பிடுவீர்கள்?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து நாற்காலி பேச ஆரம்பித்தது. வத்தக்குழம்பு, மிளகாய்ப்பொடி, ராத்திரி பதினொரு மணி ஊறுகாய். எதிர்த்தரப்பு வக்கீல்கூட இவ்வளவு கோவையாகச் சொல்லியிருக்க மாட்டார். "பொய்யா சொல்லச் சொல்றீங்க?" என்று வெளியே வந்து கேட்டாள்.

அடுத்து, கேனல் தெருவுக்குத் தெற்கே, 2002 மே 30-க்குள், நான் இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். இருந்தேன் என்பது எனக்குத் தெரியும், இருமலுக்கும் தெரியும். காகிதம்? நல்ல குடித்தனக்காரனாக நேரத்தில் வாடகை கட்டியிருந்தால் ஒரு சான்றும் மிஞ்சியிருக்காது. வீட்டுக்காரர் அக்டோபரிலிருந்து அனுப்பிய பாக்கி நோட்டீஸ்கள் வரிசையாகக் கிடைத்தன, என் பெயர், கதவு எண், தேதி சகிதம். மானம் போன கடுதாசிகளை இத்தனை மரியாதையோடு நான் ஜெராக்ஸ் எடுத்ததில்லை.

புற்றுநோய் அல்லாத நோய்க்கு, வலிக்கும் வேதனைக்குமாக வைத்த உச்சவரம்பு 90,000 டாலர். நெஞ்செரிச்சல் அந்த உச்சிக்கு ஏறாது என்பது எனக்கே தெரியும். வக்கீல் பத்து சதவீதத்துக்கு மேல் தொடக்கூடாது என்பது அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி. குனிந்தால் புளிப்பு தொண்டைக்கு வருகிறது, மூன்று தலையணை இல்லாமல் தூக்கமில்லை. இதற்கு எந்தத் தராசில் விலை போடுவார்களோ.

நோயால் செய்ய முடியாமல்போன வீட்டுவேலைக்கும் இழப்பீடு கேட்கலாம் என்று இருந்தது. உற்சாகமாகப் பேனாவை எடுத்து, பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் கழுவுவது என்று அடுக்கினேன். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதெல்லாம் எந்த வீட்ல செஞ்சிட்டிருந்தீங்க?"

அந்தப் பகுதியைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.