மஞ்சப்பையியல்: காலமானவரின் கடையை விற்றல் குறித்து ஓர் ஆய்வு

இந்திய வருமான வரிச் சட்டத்தில் சொத்துள்ளவர்கள் சாவதே இல்லை என்பது இவ்வாய்வின் அடிப்படை. அப்பாவின் கடை மகனுக்கு வருவதைச் சட்டம் கைமாற்றமாகவே கருதுவதில்லை. அப்பா கொடுத்த விலைதான் மகனுக்கும் அடக்க விலை. அவர் வைத்திருந்த வருஷங்களும் மகன் கணக்கிலேயே ஏறும். எஸ்டேட் டூட்டியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே அரசு எழவு வீட்டுக்கு வருவதில்லை. கடையை விற்கிற அன்றைக்குத்தான் துக்கம் விசாரிக்க வருகிறது. கேட்பது ஒரே கேள்வி: உங்கப்பா என்ன விலைக்கு வாங்கினார்?

விடை மஞ்சப்பையில் இருக்கிறது. இவ்வாய்வாளர் 2025-ல், உயில்படி தமக்கு வந்த மளிகைக் கடையை விற்குமுன் அப்பையைத் தரையில் கவிழ்த்து ஆராய்ந்தார். கிடைத்தவை: பிளாஸ்டிக் கவருக்குள் 1988-ம் வருஷத்துக் கிரயப் பத்திரம் (ரூ. 85,000), ஓரம் கரையான் அரித்த பழைய ரேஷன் கார்டு, விபூதிப் பொட்டலம் ஒன்று, "ஷட்டர் 1400" என்று எழுதிய சிகரெட் அட்டை. அட்டையை ஆடிட்டர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரிப்பேர் செலவு அடக்க விலையில் சேராதாம்.

அடுத்து, 1-4-2001 என்னும் புண்ணிய தினம். அதற்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பையே அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிலம், கட்டடத்துக்கு அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. எங்கள் கடைக்கு 4 லட்சம் வந்தது. அதற்குப் பிறகு கட்டியதைத் தனியே கூட்டலாம், பில் இருந்தால். மாடி எப்போது போட்டது? இங்கே ஆய்வு வாய்மொழி மரபை நாடியது.

"உன் தங்கச்சி வயசுக்கு வந்த வருஷம்டா" என்றாள் அம்மா.

அதாவது 2003. செலவு ஒன்றரை லட்சம். பில்? "பில்லு போட்டா வரி சேரும்ணே" என்று கம்பிக் கடைக்காரர் சொல்ல, அப்பா வேண்டாம் என்றிருக்கிறார். அந்தச் சாமர்த்தியத்துக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து மகன் கட்டிய வரி ரூ. 18,750.

கடை 60 லட்சத்துக்குப் போனது. 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த சொத்தென்பதால் இரு வழிகளில் எது குறைவோ அதைக் கட்டலாம். விலைவாசிக் குறியீடு 376-ஐப் போட்டால் 4 லட்சம் 15,04,000 ஆகும். மிச்சத்துக்கு 20 சதவீதம், ரூ. 8,99,200. குறியீடு வேண்டாமென்றால் 56 லட்சத்துக்கு 12.5 சதவீதம், ரூ. 7 லட்சம். செஸ் தனி. 2001 மதிப்பைப் போல எட்டு மடங்கும் சொச்சமும் தாண்டி விற்றவருக்கு இரண்டாவதே லாபம் என்பது இவ்வாய்வாளர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கண்டுபிடித்தது.

தப்பிக்க வழி உண்டு. ஆறு மாதத்துக்குள் 54இசி பத்திரங்களில் போட்டால் 50 லட்சம் வரை ஆதாயத்துக்கு விலக்கு. பணம் ஐந்து வருஷம் அசையாது. அல்லது வீடு வாங்கலாம். அதற்கு ஆதாயம் மட்டும் போதாது, முழு விலக்கு வேண்டுமென்றால் விற்ற பணம் முழுவதையும் போட வேண்டும். ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வீடு இருந்தால் அதுவும் கிடையாது. இவ்வாய்வாளருக்குத் தங்கச்சி கடனும் இருந்தபடியால் இரண்டையும் வாசித்ததோடு சரி.

கடைசியாக, நற்பெயர். வியாபாரத்தில் தானாகச் சம்பாதித்த நற்பெயரின் அடக்க விலை பூஜ்யம் என்கிறது சட்டம். அப்பா அதற்காக முப்பது வருஷம் விடிகாலை நாலரைக்குக் கடை திறந்தார், தராசுத் தட்டில் ஒரு பிடி பருப்பு கூடவே போட்டார். இவற்றுக்கும் பில் இல்லை.

வாங்கியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "போர்டை அப்படியே வச்சுக்கலாமாம்மா? பேருக்குத் தனியா ஏதாவது..."

"பேருக்கு என்ன காசு? வச்சுக்கங்க தம்பி" என்று அம்மா ஒரு டம்ளர் காபியும் கொடுத்தாள். ஆடிட்டர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.